பின்பக்கம் சத்தம் கேட்கும் காரில் எதை முதலில் பார்ப்பது

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவரிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரொல்லா 121. சின்னச் சின்னக் குழிகளில் இறங்கும்போது பின்பக்கம் ‘டொக் டொக்’ என்கிறதாம். 60 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் ஒரு இரைச்சல் எழும்பி, வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறதாம். பின் டயர் இரண்டும் உட்பக்கமாகத் தேய்கின்றன. ஒரு கராஜில் காட்டியபோது ‘ஷொக் போச்சு’ என்று, குழியில் விழும் ஆட்டத்தை அடக்குகிற பின் ஷொக் இரண்டையும் மாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு டொக் சத்தம் குறையவில்லை, கூடிவிட்டது. இப்போது பின் அக்சிலையே கழற்றிவிட்டு, பாவித்த அக்சில் ஒன்றை வாங்கிப் போடச் சொல்கிறார்கள். போடலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்குப் போடாதீர்கள், தம்பி. ஆரையம்பதிப் பக்கம் 26 வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். அக்சிலை மாற்றச் சொல்லி வந்த கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அக்சில் மாற்ற வேண்டி வரவில்லை. நீங்கள் சொன்ன மூன்று குறையும் ஒரே நோயின் மூன்று அடையாளம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. டொக் சத்தத்துக்கு ஒரு காரணம் இருக்கலாம், இரைச்சலுக்கு வேறொன்று, டயர் தேய்வுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும்.

சத்தம் வரும் இடத்தைக் காதால் தேடுவதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். காரின் பொடி முழுக்கத் தகரம். இடது பின் சில்லில் தட்டினால் வலது பின் கதவில் கேட்கும். முன்பக்கத்து றப்பர் புஷ் அடிப்பது பின் சீட்டுக்குக் கீழே கேட்ட கார்களும் என்னிடம் வந்திருக்கின்றன. ஆனபடியால் எங்கே கேட்கிறது என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, எப்போது கேட்கிறது என்று பாருங்கள். குழியில் இறங்கும்போதா, ஏறும்போதா? பிரேக் பிடிக்கும்போதா, விடும்போதா? நேராகப் போகும்போதா, வளைவிலா? ஆள் ஏறினால் குறைகிறதா, கூடுகிறதா? இவற்றுக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வையுங்கள். கராஜுக்குப் போகும்போது அந்தக் கொப்பி உங்கள் வாயை விட நன்றாகப் பேசும்.

முதலில் டிக்கியைக் காலி பண்ணுங்கள். சொல்வதற்கே சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் உண்மையாகவே டிக்கியில் இருந்துதான் நிறையச் சத்தம் வருகிறது. ஸ்பெயார் சில்லின் நடு நட் இறுகாமல் இருக்கும். ஜக் அதன் கொழுக்கியில் இருந்து கழன்று கிடக்கும். ஒருவர் குருக்கள்மடத்தில் இருந்து இரண்டு தடவை வந்துபோனார், மூன்றாம் தடவைதான் ஸ்பெயார் சில்லுக்கு அடியில் ஒரு வீல் ஸ்பானரைக் கண்டுபிடித்தோம். எல்லாவற்றையும் வெளியில் எடுத்து வைத்துவிட்டு அதே றோட்டில் ஒரு முறை ஓடிப் பாருங்கள். பின் சீட்டின் முதுகுப் பகுதி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதோடு சில்லு நட்களையும் பார்க்க வேண்டும். கொரொல்லாவுக்கு அந்த நட்களின் இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர். இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பானர் இல்லாவிட்டால் காரோடு வந்த ஸ்பானரைப் பிடித்துக் கையால் நன்றாக இறுக்கினால் போதும், ஏறி மிதிக்கத் தேவையில்லை. அப்புறம் சைலன்சர். சைலன்சர் குழாய் பின் அக்சிலுக்கு மேலாலும் பக்கத்தாலும் வளைந்து போகிறது. அதைத் தூக்கிப் பிடிக்கும் றப்பர் வளையம் ஒன்று இழுபட்டுத் தொங்கினாலே குழாய் அக்சிலில் தட்டும். குளிர்ந்த பிறகு சைலன்சரின் கடைசி முனையைப் பிடித்து நாலு பக்கமும் ஆட்டுங்கள். அதே ‘டொக்’ கேட்டால் ஒரு றப்பர் வளையத்தோடு உங்கள் வேலை முடிந்தது.

அது இல்லை என்றால் ஓடிப் பார்க்க வேண்டும். கல்முனை வீதி வழுவழு என்று இருப்பதால் அதில் டொக் சத்தம் பிடிபடாது, இரைச்சலைத்தான் பிடிக்கலாம். டொக் சத்தத்துக்குப் படுவான்கரைப் பக்கம் போங்கள். மண்முனைப் பாலத்தைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து உள்வீதிகளில், தகரம் மாதிரி வரி வரியாகக் கிடக்கும் கிரவல் றோட்டு ஏதாவது கிடைக்கும். அதில் 20இல் மெதுவாக ஓட்டுங்கள். கண்ணாடிகளை இறக்கி, ரேடியோவையும் ஏசியையும் நிறுத்துங்கள். சத்தம் விடாமல் வந்துகொண்டிருக்கும்போது பிரேக்கைச் சும்மா தொட்டுப் பிடியுங்கள், கார் நிற்கிற அளவுக்கு வேண்டாம். சத்தம் அந்த நேரம் நின்றால் பிரேக் பாட்டோ, ட்ரம்முக்குள் இருக்கிற ஷூவோ தளர்ந்து ஆடுகிறது. நிற்காவிட்டால் அது ஷொக், புஷ், ஸ்பிரிங் பக்கம்.

முன்னாலா பின்னாலா என்றே சந்தேகம் என்றால் பாலத்து இணைப்புகள் உதவும். கல்லடிப் புதுப் பாலத்தில் ஒரு இணைப்பை முன் சில்லு தாண்டினதும் ஒரு தட்டு, அதே இணைப்பைப் பின் சில்லு தாண்டும்போது இன்னொரு தட்டு கேட்கும். 121இன் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 2600 மில்லிமீற்றர். 40இல் போனால் இரண்டு தட்டுக்கும் இடையில் கால் செக்கனுக்குக் கொஞ்சம் குறைவு. காது அதைப் பிரித்துக் கேட்கும். உங்கள் டொக் இரண்டாவது தட்டோடு சேர்ந்து வந்தால் பின்பக்கம்தான். கைத்தொலைபேசியைப் பதிவில் போட்டு, டிக்கிக்குள் ஒரு தடவை இடப்பக்க மூலையிலும் ஒரு தடவை வலப்பக்க மூலையிலும் துணிக்கு நடுவில் வைத்து அதே றோட்டில் ஓடுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டையும் கேட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரியும். டிக்கிக்குள் ஆளை இருத்தி ஓட வேண்டாம்.

இனி உங்கள் டொக் சத்தத்தைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். ஷொக் மாற்றின பிறகு சத்தம் கூடியது என்கிறீர்கள். பெரிய தடயம் அது. புது ஷொக் போட்ட பிறகு கூடுகிற சத்தத்துக்கு முதல் காரணம் ஷொக்கின் மேல் நட். அந்த நட்டை இறுக்கும்போது நடுவில் இருக்கிற கம்பியும் சேர்ந்து சுழலும். கம்பியைத் தனியாகப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். அவசரத்தில் அது இறுகின மாதிரி இருக்கும், ஆனால் இறுகியிருக்காது. போன மாசி மாதம் இதே 121 ஒன்று வந்தது. டிக்கிப் பக்கத்து அட்டையைக் கழற்றி, கறுத்த மூடியை எடுத்துவிட்டு நட்டில் விரலை வைத்தேன். ஸ்பானர் தேவைப்படவில்லை. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினேன். அதற்குக் கீழே இருந்த றப்பர் வட்டத்தின் விளிம்பில் மினுங்கின தேய்ச்சல் ஒன்று பிறை மாதிரி விழுந்திருந்தது. புதுச் சாமான், போட்டு மூன்று கிழமைதான்.

பழைய ஷொக்கின் மேல் றப்பரையும் கிண்ணத்தையும் அப்படியே புது ஷொக்குக்குப் போட்டாலும் இதே கதைதான். ஷொக் புதுசு, ஆனால் அதைப் பிடித்திருக்கிற றப்பர் 20 வருடப் பழசு. முன்பு சோர்ந்த ஷொக் குழியின் அடியை ஓரளவுக்குத்தான் மேலே கடத்தியது. புது ஷொக் விறைப்பு, அடி முழுவதும் அந்தப் பழைய றப்பருக்குப் போகிறது. அதனால் சத்தம் கூடும். கீழ்ப் போல்ட்டையும் பாருங்கள். வாங்கின ஷொக்கின் கீழ்க் கண்ணுக்குள் இருக்கிற இரும்புக் குழல் போல்ட்டை விட ஒரு நூல் பெரிதாக இருந்தாலும் தட்டும்.

உங்கள் பழைய ஷொக் உண்மையில் போயிருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். பின் மூலையைக் கையால் அமுக்கிவிட்டு எத்தனை தரம் ஆடுகிறது என்று பார்க்கும் பழக்கம் எல்லாக் கராஜிலும் இருக்கிறது. முற்றாகச் செத்த ஷொக்கைத்தான் அது காட்டும், பாதி சோர்ந்ததைக் காட்டாது. எண்ணெய் வழிந்திருந்தால் பார்த்த உடனே தெரியும். கம்பியைச் சுற்றி மெல்லிய ஈரம் பிடித்து அதில் புழுதி ஒட்டியிருப்பது பரவாயில்லை. எண்ணெய் ஒழுகி உடம்பு முழுக்க இறங்கியிருந்தால் ஷொக் முடிந்தது. இன்னொரு வழி இருக்கிறது. கிரவல் றோட்டில் 15 நிமிடம் ஓடிவிட்டு உடனே நிறுத்தி, சைலன்சரில் கை படாமல் இரண்டு பின் ஷொக்கின் உடம்பையும் தொட்டுப் பாருங்கள். ஷொக் வேலை செய்தால் உள்ளே எண்ணெய் சிறு துவாரங்களால் நெருக்குப்பட்டுச் சூடாகும். ஒன்று சுட்டு மற்றது ஆறிக் கிடந்தால், ஆறிக் கிடப்பதுதான் வேலை செய்யாதது. மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பாவித்த ஷொக் மட்டும் வாங்கவே வேண்டாம்.

அடுத்தது புஷ். உங்கள் காரின் பின்பக்கம் டோர்ஷன் பீம். ‘அக்சில்’ என்று கராஜில் சொன்னது இதைத்தான். முன் சில்லுகளால் இழுபடும் கார் என்றபடியால் பின்னால் கியரும் கிடையாது, சுழலும் தண்டும் கிடையாது. இரண்டு பக்கமும் இரண்டு நீண்ட கை, நடுவில் முறுக்கிக் கொடுக்கிற ஒரு குறுக்குச் சட்டம், அவ்வளவுதான். அந்தக் கைகளின் முன் முனைகள் இரண்டு பெரிய றப்பர் புஷ்களால் பொடியில் பூட்டப்பட்டிருக்கும். பீம் முழுவதும் காரோடு ஒட்டியிருப்பது அந்த இரண்டு புஷ்ஷாலும் ஷொக்காலும்தான். புஷ்ஷின் றப்பர் இரும்பை விட்டுக் கிழிந்தால், பிரேக் பிடிக்கும்போது பீம் பின்னுக்கு இழுபட்டு, விடும்போது ‘தொக்’ என்று திரும்பி வரும். வளைவில் நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாமலே பின்பக்கம் தானாக ஒரு பக்கம் சாய்கிற மாதிரி ஒரு உணர்வு வரும். கடல் காற்று பலமாக அடிக்கிற நாளில் பாலத்தில் போகும்போது அதை அதிகம் உணரலாம்.

இதைப் பார்க்கப் பெரிய மெஷின் தேவையில்லை. காரை ஏற்றி வைத்து, வெளிச்சம் பிடித்து, புஷ்ஷின் பக்கத்தில் ஒரு நீளமான இரும்புக் கம்பியைச் செருகி மெதுவாக நெம்புங்கள். நல்ல றப்பர் முழுதாக இழுபட்டுத் திரும்பும். கிழிந்தது வாய் பிளந்த மாதிரித் திறக்கும். றப்பரின் மேல்தோலில் மெல்லிய வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், 20 வருடக் காரில் அது இருக்கும். இரும்புக்கும் றப்பருக்கும் இடையில் கத்தி நுனி போகிற அளவு பிளவு இருக்கிறதா என்பதே கேள்வி. புஷ் மட்டும் தனியாக வாங்கலாம். அழுத்தி எடுக்கிற கருவி வேண்டும், அது இருக்கிற கராஜ் மட்டக்களப்பில் இருக்கிறது.

புஷ் மாற்றுபவரிடம் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள், இதைப் பலர் விடுகிறார்கள். சில்லுகள் தொங்கிக்கொண்டிருக்கும்போது புஷ் போல்ட்டை இறுதியாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் தொங்குகிற நிலைதான் றப்பருக்கு இயற்கையான நிலையாகிவிடும். காரை இறக்கினதும் பாரத்தில் றப்பர் முறுகியபடியே இருந்து கொஞ்சக் காலத்தில் கிழியும். போல்ட்டை முதலில் சும்மா செருகி வைத்து, காரின் பாரம் சில்லில் இறங்கின பிறகு, அல்லது பீமுக்கு அடியில் ஜக் கொடுத்து ஓடும்போது இருக்கும் உயரத்துக்குத் தூக்கின பிறகு இறுக்க வேண்டும். ‘புதுப் புஷ் போட்டேன், ஆறு மாதம்தான் தாங்கியது’ என்று சொல்கிறவர்களின் கார்களை நான் பார்த்தபோது அதிகம் கண்ட காரணம் இதுதான்.

காருக்கு அடியில் போவது பற்றியும் சொல்ல வேண்டும். ஜக்கில் மட்டும் நிற்கிற காருக்குக் கீழே தலையைக் கொடுக்காதீர்கள். எங்கள் கரையோரம் முழுக்க மணல். ஜக்கின் அடி மெதுவாகப் புதையும், அது கண்ணுக்குத் தெரியாது. தடிப்பான பலகை ஒன்றை அடியில் போட்டு, தூக்கின பிறகு ஸ்டாண்ட் வைத்து, அதன் மேல் காரை இறக்குங்கள். கைப்பிரேக் பின் சில்லைத்தான் பிடிக்கிறது, அந்தச் சில்லையே தூக்கிவிட்டால் காரைப் பிடிக்க ஒன்றும் இல்லை. முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கல் கொடுங்கள். உங்கள் 121ஐ கியரில் விட்டால் முன் சில்லுகள் பிடித்துக்கொள்ளும். பின் சில்லால் ஓடும் வேன் என்றால் ஒரு பின் சில்லைத் தூக்கினதும் கியரும் பிடிக்காது, ஏனென்றால் இரண்டு பின் சில்லுக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிபரன்ஷல், தூக்கின சில்லைச் சுழலவிட்டுவிடும். சில்லுக்குக் கல் கொடுப்பதில் மட்டும் சோம்பல் படாதீர்கள்.

அடுத்தது இரைச்சல். உங்கள் காரின் பின்பக்கம் இரைகிற சாமான் அதிகம் இல்லை. சில்லு சுழல்வதற்கு நடுவில் இருக்கிற பெயரிங் அல்லது டயர், அபூர்வமாகப் பிரேக். முதலில் எஞ்சினை விலக்குங்கள். 70இல் போகும்போது ஒரு வெறும் றோட்டில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுங்கள், எஞ்சின் சத்தம் இறங்கும். அதன் பிறகும் இரைச்சல் அதே மாதிரி இருந்து, கார் மெதுவாகும்போது மட்டும் குறைந்தால் அது சுழல்கிற சில்லில் இருந்து வருகிறது.

பெயரிங்கா டயரா? இடைவெளி உள்ள அகலமான றோட்டில், பின்னால் வாகனம் இல்லாதபோது, 60 அளவில் ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆட்டுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் இடப்பக்கச் சில்லுகளுக்குப் போகும். அந்த நேரம் இரைச்சல் கூடி, மற்றப் பக்கம் திரும்ப அடங்கினால் இடப்பக்கப் பெயரிங்கைச் சந்தேகியுங்கள். பெயரிங்கின் சத்தம் றோட்டு மாறினாலும் மாறாது. டயரின் சத்தம் மாறும். புதுத் தார் றோட்டில் ஒரு மாதிரி, பழைய கரடுமுரடான தாரில் வேறு மாதிரி, மழைத் தண்ணீரில் இன்னொரு மாதிரி. பின் டயர்களை முன்னுக்கும் முன் டயர்களைப் பின்னுக்கும் மாற்றிப் போட்டு ஓடுங்கள். இரைச்சல் முன்னுக்கு வந்தால் அது டயர்தான், அதற்குச் செலவு ஒரு மணித்தியாலம் மட்டும்.

பெயரிங்கைக் கையால் பார்ப்பதும் முடியும். சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ‘கிளிக்’ என்று ஆட்டம் தெரிந்தால் பெயரிங் மோசம். ஆனால் இரைகிற எல்லாப் பெயரிங்கும் ஆடாது. அதனால் இதையும் செய்யுங்கள். ஒரு கையால் சில்லைச் சுழற்றிவிட்டு, மற்றக் கையை ஸ்பிரிங்கில் மெதுவாக வையுங்கள், விரலைச் சுருள்களுக்கு நடுவில் விடாமல். நல்ல பெயரிங் என்றால் கையில் ஒன்றும் தெரியாது. கெட்டது ஸ்பிரிங் வழியாக மணல் அரைக்கிற மாதிரி ஒரு நடுக்கத்தை உள்ளங்கைக்குத் தரும். எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் காத்தான்குடியில் கராஜ் வைத்திருந்த ஒரு முஸ்லிம் காக்கா (அண்ணன்). “காதைக் கொடுக்காத தம்பி, கையைக் குடு” என்பார். இன்றைக்கும் நான் முதலில் கையைத்தான் வைக்கிறேன். 121இன் பின் பெயரிங், சில்லைப் பூட்டுகிற ஹப்போடு சேர்ந்த ஒரே துண்டு, நாலு போல்ட்டில் நிற்கிறது. எங்கள் கடற்கரை உப்பில் அந்தப் போல்ட்கள் பிடித்துப்போயிருக்கும். துருவெண்ணெய் அடித்து ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் கழற்றுகிறவரிடம் கொடுங்கள்.

டயரின் தேய்வை நான் இறுதிக்கு வைத்தது காரணத்தோடுதான். உண்மையில் பின் அக்சிலில் குறை இருந்தால் அது காட்டுகிற இடம் இதுதான். டயரின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியாகவும் வெளியிலிருந்து உள்ளாகவும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ஒவ்வொரு கட்டையும் கத்தி விளிம்பு மாதிரிக் கையை உரசினால் சில்லு நேராக உருளவில்லை, பக்கவாட்டில் இழுபட்டு உருள்கிறது. அப்படியே உள் விளிம்பு தேய்ந்திருந்தால் சில்லுகளின் முன்புறம் வெளிப்பக்கம் பார்த்து விரிந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கங்கே கிண்ணம் மாதிரிப் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அது ஷொக் சோர்ந்து சில்லு துள்ளினதன் அடையாளம். அந்தப் பள்ளம் விழுந்த டயர், ஷொக் புதிதாக மாற்றின பிறகும் இரைந்துகொண்டே இருக்கும். உங்கள் 60க்கு மேற்பட்ட இரைச்சல் அதுவாக இருக்க நிறைய இடமிருக்கிறது.

இப்போது பீம் வளைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, சமமான சீமெந்து நிலத்தில் காரை நிறுத்துங்கள். முன் சில்லின் நடுவில் இருந்து பின் சில்லின் நடுவரைக்கும் இரண்டு பக்கமும் அளவு நாடாவால் அளவுங்கள். 2600 மில்லிமீற்றருக்குக் கிட்ட, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் என்றால் பீமோ புஷ்ஷோ சரியில்லை. பிறகு ஒவ்வொரு சில்லின் நடுவில் இருந்து மேலே மட்காட் விளிம்பு வரைக்கும் அளவுங்கள். ஒரு பின் பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கின் கடைசிச் சுருள் உடைந்திருக்கலாம். அது கிண்ணத்துக்குள் மறைந்து கிடக்கும், துருவும் சேறும் தேங்குகிற இடம் என்றபடியால் எங்கள் பக்கம் அங்கேதான் உடைகிறது.

மழை விட்டதும் ஈரக் கிரவல் நிலத்தில் நேராக இருபது அடி ஓட்டிவிட்டு இறங்கிச் சில்லுத் தடத்தைப் பாருங்கள். பின் சில்லு முன் சில்லின் தடத்தை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெளியே விலகிப் போயிருந்தால் கார் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்கிறது. அந்தக் காரில் நேர் றோட்டிலும் ஸ்டியரிங் கோணலாகத்தான் நிற்கும். அதற்கு மேல் உறுதிப்படுத்த நாலு சில்லும் அளக்கிற அலைன்மென்ட் மெஷினில் ஏற்றி, அச்சடித்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். முன் இரண்டு சில்லை மட்டும் அளப்பதால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை. இந்த மாதிரிப் பீமில் திருப்பிச் சரிப்படுத்த ஒரு ஸ்குரூவும் கிடையாது. புஷ் நல்லதாக இருந்தும் அந்தத் தாளில் பின் சில்லின் அளவு தவறாக வந்தால், அப்போதுதான் அக்சில் மாற்றுகிற பேச்சு. பாவித்தது வாங்கும்போது நிலத்தில் வைத்துப் பாருங்கள், பெயரிங் பூட்டுகிற தட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து ஒரே நிலையில் நிற்க வேண்டும். வளைத்து நிமிர்த்தின அடையாளமோ வெல்டிங்கோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

இதை வாசிக்கிறவர்களில் வேன் வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள், டொயோட்டா டொல்பின் மாதிரிப் பின் சில்லால் ஓடுகிறவை. உங்கள் கதை வேறு. அங்கே உண்மையான அக்சிலும் நடுவில் டிபரன்ஷலும் இருக்கின்றன. பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்கில் அது தொங்குகிறது. பெரும்போக அறுவடை நேரம் நெல் மூட்டை அளவுக்கு மேல் ஏற்றின வேன்களில் பட்டை உடைந்தே வரும். உடைந்த இடத்தில் துருவுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மினுங்கும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற நடுப் போல்ட் அறுந்தால் அக்சில் ஒரு பக்கம் பின்னுக்கு நகரும், வேன் கோணலாக ஓடும். அதை இழுத்து ஓடாதீர்கள், இழுபட்ட அக்சில் பிரேக் குழாயையும் இழுத்து அறுக்கலாம்.

டிபரன்ஷலின் ஊளை அக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு குரலில் இருக்கும், விடும்போது வேறு குரலாக மாறும் அல்லது நிற்கும். பெயரிங் அப்படி மாறாது. கியர் போட்டு எடுக்கும்போது ஒரு ‘டங்’, அதோடு வேகத்தில் நிலம் அதிர்கிற மாதிரி நடுக்கம் என்றால் கியர்ப் பெட்டியில் இருந்து பின்னுக்குப் போகிற நீண்ட ஷாப்டின் மூட்டில் இருக்கிற குறோஸ் தேய்ந்திருக்கும். பின் சில்லின் உட்பக்கத்தில் எண்ணெய் வழிந்திருந்தால் விரலில் தொட்டு மணந்து பாருங்கள். தடிப்பாக இருந்து கந்தக மணம் வந்தால் அக்சில் சீல் போய்க் கியர் எண்ணெய் வருகிறது. தண்ணீர் மாதிரி இளக்கமாக இருந்தால் பிரேக் எண்ணெய். இரண்டுமே ட்ரம்முக்குள் போனால் பிரேக் பிடிக்காது, அன்றைக்கே பார்க்க வேண்டும்.

2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு வவுணதீவுப் பக்கத்து வேன் ஒன்று இரைச்சலோடு வந்தது. டிபரன்ஷல் அடி நட்டைக் கழற்றினபோது வந்தது பால் தேநீர் நிறம். உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் சரித்தால் அதற்குள் வெள்ளித் தூள் மிதந்தது. ஓடிச் சூடான அக்சில் குளிர்ந்த வெள்ளத்துக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கும். அக்சிலின் மேல் இருக்கிற சின்ன மூச்சுக் குழாயாலும் சீல் இடுக்காலும் அது வெள்ளத்தை உள்ளே உறிஞ்சும். அந்த வேன்காரர் வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தார். முதல் கிழமையே எண்ணெயை மாற்றியிருந்தால் டிபரன்ஷலுக்குள் இருக்கிற கிரவுண் பல்சில்லு தப்பியிருக்கும். மாரியில் முழங்கால் தண்ணீரில் ஓடினவர்கள் அக்சில் எண்ணெயைக் கட்டாயம் பாருங்கள். மூச்சுக் குழாயில் சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்தி எடுங்கள். முன்சில்லுக் காருக்கு இந்த எண்ணெய் பின்னால் இல்லை, ஆனால் ட்ரம்முக்குள் சேறு தங்கியிருக்கும்.

உப்பு எல்லோருக்கும் பொது. நாவலடிப் பக்கம் கடற்கரையில் நிறுத்துகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் சவர் என்றால் குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள்.

சரி, தம்பி, உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். ஞாயிறு காலை டிக்கியைக் காலி பண்ணி, சைலன்சரை ஆட்டிப் பார்த்து, ஷொக்கின் மேல் நட்டில் விரலை வையுங்கள். டொக் சத்தம் அங்கேயே பிடிபடும் என்று நினைக்கிறேன். டயர்களைத் தடவிப் பார்த்து முன் பின் மாற்றிப் போட்டு ஒரு நாள் ஓடுங்கள். பிறகு புஷ்ஷை நெம்பிப் பார்த்து, நாலு சில்லு அலைன்மென்ட் தாளை எடுங்கள். அந்தத் தாளின் அளவுகளையும் இரண்டு பக்க நாடா அளவையும் எழுதி அனுப்பினால், பீம் வளைந்ததா, புஷ் மட்டும்தானா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். சில்லைக் கழற்றிப் பூட்டினால் 50 கிலோமீற்றர் ஓடின பிறகு நட்களை மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.